கீறல் சத்தத்துக்குள் தொலைந்த ஒற்று

இந்த ரெண்டு மூணு வருஷமா நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பசங்க வீட்டிலேயே பதிவுசெய்த தமிழ் ராக் பாட்டுகளை எனக்குக் கேட்கக் கொடுக்கிறார்கள். ஒரு லேப்டாப், இரண்டு மைக் மாட்டக்கூடிய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கிதார், ஒரு ஹெட்ஃபோன். இவ்வளவுதான் ஸ்டுடியோ. பாட்டோடு ஒரு கேள்வியும் வரும்: “அண்ணே, எழுபதுல போட்ட ரெக்கார்டு மாதிரி இருக்கா?”

இருக்கிறது. முதல் ஐந்து வினாடி இசைத்தட்டுக் கீறல். பிறகு டேப் இழுபடுவதுபோலச் சுருதி லேசாக ஆடும். டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோலக் கேட்கும். குரல் பழைய டெலிபோனில் வருவதுபோல ஒடுங்கி நிற்கும். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் உறுத்துகிறது. என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை. பாட்டை எழுதியவர் சொல் தேர்ந்து எழுதியிருப்பார், அது காதுக்கு வந்து சேரவில்லை.

இதைத் தனித்தனிப் பாட்டுகளின் குறையாக நான் பார்க்கவில்லை. எது பழைய சத்தம் என்பதில் இருக்கும் ஒரு குழப்பம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

இரண்டு பழமைகள்

பழைய பாட்டின் சத்தத்தில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, பதிவுக்கூடத்தில் டேப்பில் ஏறியது. இன்னொன்று, அது நம் காதுக்கு வந்த வழியில் ஒட்டிக்கொண்டது: தேய்ந்த இசைத்தட்டு, தூசி பிடித்த ஊசி, நூறு தடவை ஓடிய கேசட், மின்னல் வெட்டினால் படபடக்கும் ரேடியோ.

நம்ம ஊரில் இந்த இரண்டாவது அடுக்கு ரொம்பத் தடிமன். கொடை விழாவிலும் கல்யாண வீட்டிலும் தென்னை மரத்தில் கட்டிய கோளாம்பி வழியாகத்தான் ஒரு தலைமுறை முழுக்கப் பாட்டுக் கேட்டது. கோளாம்பி நடு அலைவரிசையை மட்டும் பிய்த்துக்கொண்டு துப்பும். பேஸ் அதில் வராது. 1984-ல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியபோது கேட்பு கொஞ்சம் துலங்கியது. ஆனாலும் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோதான். அதனால்தான் இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் பாட்டுகளை முதன்முதலாக நல்ல ஹெட்ஃபோனில் கேட்கிறவர்கள் திகைத்துப்போகிறார்கள். சசிதரனின் பேஸ் கிதார் அங்கே தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கிறது. அது எப்போதும் டேப்பில் இருந்தது, நம் ஞாபகத்தில்தான் இல்லை.

வீட்டில் ‘வின்டேஜ்’ தேடும் பசங்க பிரதியெடுப்பது பெரும்பாலும் இந்த ஞாபகத்தைத்தான், அதாவது கேட்ட கருவியின் தேய்மானத்தை. அன்றைய பதிவுப் பொறியாளர்களோ அந்தத் தேய்மானத்தோடு சண்டை போட்டவர்கள். 1965-ல் ரே டால்பி லண்டனில் ஆரம்பித்த கம்பெனியின் முதல் சரக்கே டேப் இரைச்சலைக் குறைக்கும் கருவி. அவர்கள் கஷ்டப்பட்டு விரட்டிய இரைச்சலை நாம் காசு கொடுத்து வாங்கிப் பாட்டுக்கு மேலே தூவுகிறோம்.

சரி, டேப்புக்கென்று ஒரு நல்ல குணம் கிடையாதா? உண்டு. சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் டேப் சட்டென்று உடையாது. உச்சிகளை மெல்ல மழுக்கி, மூல ஒலியின் மூன்றாம் மடங்கு அதிர்வைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். டிரம்ஸின் முதல் அடி சற்று உருண்டு, உடம்பு பருத்துக் கேட்கும். இதைப் போலச்செய்யும் மென்பொருள்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒரு பாட்டின் பழமையில் இது உப்பு மாதிரி. உப்பை மட்டும் வைத்து யாரும் குழம்பு வைப்பதில்லை.

தடம் குறைந்தால் முடிவு கூடும்

பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ நான்கு தட டேப் இயந்திரங்களில் பதிவானது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதன் பொருளைத்தான் யோசிப்பதில்லை. நான்கு தடமும் நிரம்பியதும் அவற்றை வேறொரு இயந்திரத்தில் ஒன்றிரண்டு தடங்களாகச் சுருக்கி ஏற்றி, மிச்ச இடத்தில் புதிதாக வாசிப்பார்கள். சுருக்கிய பிறகு டிரம்ஸைத் தனியாகக் கூட்ட முடியாது, பேஸைத் தனியாகக் குறைக்க முடியாது. பாட்டு பாதி ஆகும்போதே பாதி மிக்ஸிங் முடிந்துபோகும். பின்னால் பார்த்துக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வீட்டுப் பதிவிலும் இதே கதைதான். பால் மெக்கார்ட்னியின் 1970 தனித்தட்டில் பல பாட்டுகள் அவர் வீட்டில் ஒரு நான்கு தட இயந்திரத்தில் மைக்கை நேரே சொருகிப் பதிவானவை. நடுவில் மிக்ஸர் இல்லை, அளவு காட்டும் முள்ளும் இல்லை. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) இன்னும் சுவாரசியமானது. அந்த வருஷம் ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு தட கேசட் பெட்டியில், ஷூர் எஸ்.எம்.57 மைக் இரண்டை வைத்துப் பதிவுசெய்தார். பிறகு ஓர் எக்கோப்ளெக்ஸ் வழியாக அனுப்பிச் சாதாரணக் கேசட் செட்டில் இறக்கினார். இசைக்குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த மாதிரிப் பதிவு. குழுவோடு பெரிய ஸ்டுடியோவில் அவற்றை மறுபடி வாசித்தும் பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ஆல்பம் ஆனது.

இந்தக் கதையைச் சொல்லிக் காசு கம்மியான கருவியே போதும் என்று முடிக்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் கேட்பது வேறு. அந்தப் பாட்டுகள் ஒரு குரலும் ஒரு கிதாரும் தாங்கும்படி எழுதப்பட்டவை. குரல் முன்னால் நிற்கிறது, ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. எக்கோ பின்னால் ஓர் இருட்டு மாதிரிக் கிடக்கிறது, சொல்லுக்கு மேலே ஏறி உட்காரவில்லை. கேசட்டின் இரைச்சல் வேறு வழி இல்லாததால் வந்தது. யாரும் அலங்காரத்துக்குச் சேர்த்ததில்லை.

அன்றைக்கு அதுவே புதுசு

இந்தியாவின் பழைய ராக் என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் தட்டுகளில் முக்கியமானவை ‘சிம்லா பீட்’ 1970, 1971 தொகுப்புகள். சிம்லா என்ற சிகரெட்டுக்கு விளம்பரமாக இம்பீரியல் டொபாக்கோ நடத்திய அகில இந்தியப் போட்டி அது. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போலப் பல ஊர் இசைக்குழுக்கள் அதில் உண்டு. இன்று கேட்டால் என்ன தெரிகிறது? ஃபஸ் கிதார் முகத்துக்கு முன்னால் உறுமுகிறது. நான்கைந்து பேர் ஒரே மூச்சில் வாசிக்கும் பதற்றம் தெரிகிறது. தாளம் சில இடங்களில் முன்னே ஓடுகிறது. அந்த ஓட்டத்தில்தான் உயிர்.

அதன் பலவீனமும் தெரிகிறது. ஆங்கிலத்தில், கடன் வாங்கிய உச்சரிப்பில், வேறு நாட்டுக் குழுக்களின் நிழலிலேயே பலர் பாடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள். பழைய சத்தம் வேண்டும் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷத்தின் ஆகப் புதிய சத்தத்தைத் தங்களிடம் இருந்ததை வைத்து எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். எட்டாமல் நின்ற அந்த இடைவெளிதான் இன்று நமக்கு அழகாகக் கேட்கிறது. அந்த இடைவெளியை மட்டும் தனியாக எடுத்துச் செய்து காட்டினால், முயற்சி இல்லாத களைப்பு மாதிரி இருக்கிறது.

தமிழில் இதற்கு நிகரான அனுபவம் மெட்ராஸ் சினிமாப் பதிவுக்கூடங்களில் நடந்தது. எழுபதுகளில் வாத்தியக்காரர்களும் பாடகர்களும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடுவார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து. டிரம்ஸில் புருஷோத்தமன், கிதாரில் சதா சுதர்சனம், கீபோர்டில் விஜி மானுவல் என்று நாம் இன்று தேடித் தேடிப் பேர் தெரிந்துகொள்ளும் கலைஞர்கள் அப்படி வாசித்தவர்கள். அடுத்தவர் வாசிப்பைக் கேட்டபடியே தன் வாசிப்பை அடக்கவும் ஏற்றவும் செய்தார்கள். பிறகு நடக்கவேண்டிய மிக்ஸிங்கில் பாதி அங்கே விரலிலேயே நடந்துவிட்டது.

வீட்டுப் பதிவு தமிழுக்குப் புதுசும் இல்லை. நெமிசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவில் இருந்த ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைக் கட்டினார். 1992-ல் ‘ரோஜா’ அங்கிருந்து வந்தது. வீட்டு ஸ்டுடியோ என்றால் சுமாரான சத்தம் என்ற எண்ணத்தை ஒரே அடியில் உடைத்த ஆல்பம் அது. அங்கேயும் தேடப்பட்டது பழமை இல்லை, தெளிவு.

வலம்பாடி, இடம்பாடி

அப்படியென்றால் நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்து பழைய ராக் சத்தம் தேடுகிறவனுக்கு எது முன்மாதிரி? லண்டனும் மெம்பிஸும் கேட்கத் தடையில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது. நாம்தான் அதை ஒலிப்பதிவுக் கண்ணோடு பார்த்ததில்லை. வில்லுப்பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை ராக் குழுவாக நினைத்துப் பாருங்கள். குடத்தின் கனத்த அடி, பேஸ் டிரம். உடுக்கை, ஸ்னேர். வீசுகோல் வில்லில் விழும்போது குலுங்கும் மணிகளும் ஜால்ராவும் ஹை-ஹாட். நடுவில் கதை சொல்லும் புலவர். அவருக்கு ஒரு பக்கம் வலம்பாடி, மறுபக்கம் இடம்பாடி. இந்த ஏற்பாடு ஸ்டீரியோவுக்கு வெகுகாலம் முந்தியது. அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் ஒரு கருவி முழுக்க இடது, இன்னொன்று முழுக்க வலது, இல்லையென்றால் நடு என்று மூன்றே இடம்தான். அதை இன்று வின்டேஜ் ரகசியம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் முற்றத்தில் அந்த மூன்று இடத்துக்கும் பெயரே உண்டு.

இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு மைக் இருந்த மேடையில் புலவர் மைக்குக்குக் கிட்டே, குடமும் உடுக்கையும் தள்ளி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியளவு 6 டெசிபல் குறையும். உட்காரும் இடமே அங்கே மிக்ஸர். நான்கு பேர், இரண்டு மைக், ஒரு முன்னறை இருந்தால் இதையே வீட்டில் செய்யலாம். டிரம்ஸ்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தால் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மைக் வைத்து, பிறகு பன்னிரண்டையும் மென்பொருளில் கெடுத்துப் பழசாக்குவதைவிட இது பழமைக்குக் கிட்டே கொண்டுபோகும்.

வில்லுப்பாட்டில் ராக் வாசிக்கணும், உடுக்கையைக் கிதாரோடு சேர்த்துக் கலக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கலந்தவை நிறைய வந்தாச்சு. சத்தத்தை அடுக்கும் முறையை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். வில்லுப்பாட்டு கதைக்காக இருக்கிற கலை. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குச் சொல் விளங்கியாகணும். எல்லா வாத்தியமும் அந்த ஒரு தேவைக்கு ஒதுங்கி நிற்கிறது.

ஒற்றுக்கு அரை மாத்திரை

சொல் ஏன் தொலைகிறது என்பதற்கு ஒலியியல் காரணமே உண்டு. ஆங்கில ராக் பாட்டுக்கு ஏற்ற மிக்ஸிங் வழக்கத்தை அப்படியே எடுத்துத் தமிழ்க் குரல்மேல் போடும்போது இரண்டு இடத்தில் அடி விழுகிறது.

முதலாவது ஒற்று. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்கிறது. ‘எட்டு’, ‘கத்தி’, ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வாய் மூடி ஒரு சின்ன மௌனம் வருகிறது. வல்லின இரட்டிப்பில் அந்த மௌனம் ஏறத்தாழ நூறு மில்லிசெகண்டைத் தாண்டும். ‘எடு’ என்பதையும் ‘எட்டு’ என்பதையும் காது பிரிப்பதில் அந்த மௌனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலில் குரலுக்குப் போடும் ஸ்லாப்பேக் எக்கோ என்ன செய்கிறது? டேப் இயந்திரத்தில் பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே டேப் கடக்கும் நேரம்தான் அந்த எக்கோவின் தாமதம். ஏறத்தாழ எண்பதிலிருந்து நூற்றைம்பது மில்லிசெகண்ட். சரியாக நம் ஒற்றின் மௌனத்தில் வந்து விழுகிறது. போன அசையின் உயிரொலி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது, ஒற்று செத்துப்போகிறது. நல்ல ஆழமான எக்கோ என்று நினைத்துப் போட்டது சொல்லின் எலும்பை உருவிவிடுகிறது.

இரண்டாவது நம்முடைய ல, ள, ழ. ழகரத்தை ஒலியியலில் பிரித்துக்காட்டும் முக்கிய அடையாளம், குரலின் மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்கி ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வருவது. டிஸ்டார்ஷன் போட்ட கிதார் அடைத்துக்கொண்டு நிற்கும் வட்டாரமும் அதுதான். கிதார் ஆம்ப் ஸ்பீக்கர்கள் 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை துருத்திக்கொண்டு பேசும், 5000-க்கு மேல் சரிந்துவிடும். போதாக்குறைக்கு, பழைய சத்தம் வேண்டும் என்று குரலின் மேல்பகுதியையும் வெட்டிவிட்டால் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகிவிடும். குமரிக் கடற்கரைக்காரர்கள் அப்போது மீனைப் பற்றியா மரத்தைப் பற்றியா பாட்டு என்று கேட்பார்கள்.

தீர்வு பெரிய வித்தை இல்லை. இரண்டு கிதாரையும் வலம், இடம் என்று முழுக்கத் தள்ளிவிட்டு நடுவைக் குரலுக்கும் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் விடலாம். கிதாரில் 2000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். எக்கோவை எல்லாச் சொல்லுக்கும் போடாமல் வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் அனுப்பலாம். அல்லது ஒற்றைத் தாண்டி விழும்படி தாமதத்தை நீட்டி, அதன் மேல் அலைவரிசையை மழுக்கலாம். குரலுக்குப் போடும் கம்ப்ரஸர் சட்டென்று பாயாமல் சற்றுத் தாமதித்துப் பிடிக்கும்படி வைத்தால் வல்லினத்தின் முதல் வெடிப்பு தப்பிக்கும். இவ்வளவும் இலவச மென்பொருளிலேயே நடக்கும்.

வீடு என்ற கருவி

கடைசியாக அறை. இப்போதைய கான்கிரீட் வீடுகள் பதிவுக்குப் பொல்லாதவை. நான்கு பக்கமும் சுண்ணாம்பு பூசிய சுவர், கீழே வழுக்கும் டைல்ஸ். கை தட்டினால் கிண்ணென்று திரும்பி வரும். பழைய ஓட்டு வீடுகளில் மரப்பலகை மச்சு போட்ட அறைகள் இதற்கு எவ்வளவோ மேல். பலகை தாழ்ந்த சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். மூலைக்கு ஒரு பத்தாயம் கிடந்தால் சுவரும் சுவரும் எதிரொலிக்கும் சமச்சீர் கலையும். அந்த வீடுகள் இடிபடுவதற்கு முன்னால் ஒரு பாட்டாவது அவற்றில் பதிவானால் நல்லது.

பஞ்சுப்பலகைக்குக் கடல் கடந்து ஆர்டர் போடவும் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாலே குரல் பதிவு அடங்கிவிடும். தேங்காய்த் தும்பு நல்ல ஒலியுறிஞ்சி. தும்பாலைகள் உள்ள மாவட்டத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்கோ வேண்டுமென்றால் மாடிப்படியின் கீழே ஒரு ஸ்பீக்கர், மேலே ஒரு மைக். லண்டன் ஸ்டுடியோக்களின் எக்கோ அறைகளும் அடிப்படையில் இதேதான்: ஒரு வெற்றறை, ஒரு ஸ்பீக்கர், மைக்.

கரண்ட் விஷயம் ஒன்று. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிதாரில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஹம்மென்று இரையும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது உடம்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் இரைச்சல் தாழும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று வருஷத்தில் இரண்டு பருவம் பெய்கிற ஊர் இது. தகரக் கூரைக்குக் கீழே அந்த மாதங்களில் மெல்லிய பாட்டைப் பதிவுசெய்ய முடியாது, சத்தமான பாட்டை வைத்துக்கொள்ளலாம். மழை உள்ளே வந்தால் இருக்கட்டும். அது அன்றைக்கு உண்மையாகவே பெய்த மழை.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. “கேட்கிறவனுக்கு ஏக்கம் வருதுல்லா, கீறல் சத்தம் இருந்துட்டுப் போட்டுமே” என்பார்கள். ஏக்கம் வரட்டும், தப்பில்லை. ஆனால் இருபது வயசுப் பையன் தன் ஊரைப் பற்றி, தன் பேச்சில், முதன்முதலாக ஒரு பாட்டு எழுதுகிறான். தேவாலயத்தில் கிதார் கற்று, கொடையில் உடுக்கை கேட்டு வளர்ந்தவன். ஸ்டுடியோ வாடகை இல்லாமல் பதிவுசெய்ய வழி கிடைத்த முதல் தலைமுறை இது. அவன் பாட்டைத் தான் பிறப்பதற்கு முன்னால் தேய்ந்துபோனதுபோலக் கேட்க வைப்பதில் அவனுக்கு என்ன லாபம்? அவன் சொல்லில் உள்ள ஒற்றும் ழகரமும் யாருக்கும் கேட்காமல் போவது மட்டும்தான் மிச்சம்.

அடுத்த பாட்டைப் பதிவுசெய்யும் முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். மிக்ஸ் முடிந்ததும் பாட்டை மொபைல் ஸ்பீக்கரில், அடுக்களைச் சத்தத்துக்கு நடுவே, வரிகள் தெரியாத ஒருவருக்குப் போடுங்கள். இரண்டாவது சரணத்தை அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் பாட்டு தப்பித்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் டேப் வேண்டுமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசலாம்.